ஆத்தங்குடிப் பூக்கல் சுகர் குக்கீஸ்: ஓரம் உருகாமல், சாயம் ஓடாமல்

சுகர் குக்கீஸ் செய்முறை எதை எடுத்தாலும் "வெண்ணெய் அறை வெப்பநிலையில் இருக்கட்டும்" என்றுதான் தொடங்கும். அதை எழுதியவரின் அறை 20 டிகிரி. காரைக்குடிப் பக்கம் ஐப்பசி மழை கொட்டுகிற நாளில்கூட அடுப்படி 28, 30 டிகிரியில்தான் இருக்கும். அங்கே ஒரு மணி நேரம் வெளியே வைத்த வெண்ணெய் எண்ணெய்ப் பளபளப்போடு கிண்ணத்தில் சரிந்து கிடக்கும். அதில் பிசைந்த மாவை எவ்வளவு நேர்த்தியாக வெட்டினாலும் சூடு பட்டதும் சதுரம் வட்டமாகிவிடும், நட்சத்திரம் பூசணிப்பூ ஆகிவிடும். அடுத்த தொல்லை ஈரம். தீபாவளி, திருக்கார்த்திகை, அதிலிருந்து 21 நாள் எண்ணி வரும் பிள்ளையார் நோன்பு, கிறிஸ்துமஸ், பொங்கல் என்று பண்டிகைகள் வரிசை கட்டுகிற அதே மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழையும் வருகிறது. வடகம் காயாத நாளில், குக்கீஸ் மேல் ஊற்றும் சர்க்கரைக் குழம்பான ஐசிங்கும் காயாது.

ஆகவே இங்கே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்த வெப்பத்தையும் ஈரத்தையும் கணக்கில் வைத்துச் சொல்லப்படுவது. அலங்காரத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பது ஆத்தங்குடிப் பூக்கல் வடிவம், அதாவது செட்டிநாட்டு வீடுகளில் பதிக்கும் பூ வேலைப்பாட்டுத் தரைக்கல். 6 செ.மீ. சதுரத்தில் 24 குக்கீஸ். தட்டில் நாலுக்கு ஆறாக நெருக்கி அடுக்கினால் மூலைகளில் உள்ள கால் வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து முழு வட்டமாகி, முகப்புத் தரை போலத் தெரியும். முட்டை சேர்க்காத செய்முறை இது. நோன்பு, தீபாவளி சமயத்தில் பெரும்பாலான வீடுகளில் அதுதான் வசதி. முட்டை சேர்ப்பவர்களுக்கான மாற்றமும் அந்தந்த இடத்தில் இருக்கிறது.

மூன்று நாள் வேலையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மாவும் சுடுவதும், இரண்டாம் நாள் காவியும் வெள்ளையும் நிரப்புவது, மூன்றாம் நாள் இதழும் கோடும் போட்டு முழுக்கக் காயவிடுவது. ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று இறங்கினால் சாயம் ஓடுவதில்தான் முடியும்.

மாவுக்கு வேண்டியவை

மைதா 300 கிராம்
சோளமாவு (கார்ன்ஃப்ளார்) 30 கிராம்
உப்பில்லாத வெண்ணெய் 180 கிராம்
பொடித்த சர்க்கரை 130 கிராம்
உப்பு அரைத் தேக்கரண்டி
காய்ச்சி ஆறவைத்துக் குளிரூட்டிய பால் 30 மி.லி.
வெனிலா எசென்ஸ் 1 தேக்கரண்டி, அல்லது அன்றே பொடித்த ஏலக்காய் முக்கால் தேக்கரண்டி

தராசில் நிறுத்துப் போடுங்கள். கப் அளவை நம்ப முடியாது. கரண்டியால் அள்ளித் தூவி நிரப்பிய ஒரு கப் மைதா 125 கிராம் இருக்கும். அதே கப்பை டப்பாவுக்குள் விட்டு அமுக்கி அள்ளினால் 150 கிராம் வரை ஏறும். இரண்டு கப்புக்கு 50 கிராம் வித்தியாசம் என்றால், ஒருவருக்கு மாவு உதிரும், இன்னொருவருக்குப் பரவும், இருவரும் செய்முறையைத் திட்டுவார்கள்.

பேக்கிங் பவுடர், சோடா இரண்டும் வேண்டாம். பட்டியலில் மறந்துபோய் விடவில்லை. மாவு உப்பி எழுந்தால் ஓரம் கலையும், மேல்பக்கம் மேடாகும், மேட்டில் ஊற்றிய ஐசிங் வழியும். பூக்கல்லுக்குச் சமதளம்தான் உயிர். சோளமாவு மைதாவின் இழுவையைக் குறைத்து ஓரத்தைக் கூர்மையாக நிறுத்துகிறது. முட்டை போடுபவர்கள் பாலை விட்டுவிட்டு ஒரு முட்டையும் கூடுதலாக 40 கிராம் மைதாவும் சேர்த்தால் போதும்.

வீட்டில் கடைந்த வெண்ணெய் ருசி. ஆனால் உள்ளே மோர் நிற்கும். குளிர்ந்த தண்ணீரில் நாலைந்து முறை அலசி, கையால் அமுக்கிப் பிழிந்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை செய்த பிறகே நிறுக்க வேண்டும். இல்லையென்றால் மாவில் ஈரம் கூடி, சப்பாத்தி மாதிரி இழுபடும், சுட்டதும் கடினமாகும். உப்பு வெண்ணெய்தான் கிடைத்தது என்றால் தனியாக உப்புப் போடாதீர்கள். நெய்யில் செய்யலாமா என்பது எல்லோரும் கேட்பது. செய்யலாம், வாயில் கரையும், ஆனால் அது நானக்கத்தாய். வெட்டிய வடிவம் நிற்காது. நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பவை. மழைக்காலத்தில் இரண்டு நாளில் குக்கீஸ் தொய்ந்துவிடும். கருப்பட்டியைப் பணியாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். செட்டிநாட்டு மணம் வேண்டும் என்றால் மைதாவில் 50 கிராமைக் குறைத்து, அதற்குப் பதில் நைசாக அரைத்துச் சலித்த கவுனி அரிசி மாவு சேர்க்கலாம். கருஞ்சிவப்பு நிறமும் நறுநறுப்பும் வரும். அதற்கு மேல் போனால் ஓரம் உதிரும்.

பிசைவது, தேய்ப்பது, வெட்டுவது

வெயில் ஏறுவதற்கு முன், காலை ஆறு மணிக்குத் தொடங்குவது நல்லது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெயைச் சுண்டைக்காய் அளவு துண்டுகளாக்கி 5 முதல் 10 நிமிடம் மட்டும் வெளியே வையுங்கள். விரலால் அமுக்கினால் பள்ளம் விழ வேண்டும், விரலில் எண்ணெய்ப் பசை மினுங்கக் கூடாது. அதுதான் அந்த 20 டிகிரி. தாண்டிவிட்டால் கிண்ணத்தோடு 10 நிமிடம் உள்ளே வைத்து மீட்டுவிடலாம். முழுக்க உருகிவிட்டால் அதைச் சமையலுக்கு வைத்துக்கொண்டு வேறு வெண்ணெய் எடுங்கள். உருகி மறுபடி உறைந்த வெண்ணெய் பழைய மாதிரி நடந்துகொள்ளாது.

வெண்ணெய், சர்க்கரை, உப்பு மூன்றையும் பீட்டரின் குறைந்த வேகத்தில் ஒன்று, ஒன்றரை நிமிடம் கலந்தால் போதும். கேக்குக்கு அடிப்பது போல வெளுத்து நுரைக்கும் வரை அடிக்கக் கூடாது. உள்ளே அடைபட்ட காற்று அடுப்பில் விரிந்து, குக்கீஸ் பரவுவதோடு மேலே கொப்புளமும் போடும். எசென்ஸ், பால் சேர்த்து, மைதாவையும் சோளமாவையும் ஒன்றாகச் சலித்து இரண்டு தவணையாகப் போட்டு, உலர்ந்த மாவு கண்ணில் படாமல் போனதும் நிறுத்திவிடுங்கள். சீடை மாவைவிட மிருது, சப்பாத்தி மாவைவிட உதிரி, பிடித்தால் பிடிபட வேண்டும். பிடிபடவில்லை என்றால் பால் ஒரு தேக்கரண்டி, அதற்கு மேல் வேண்டாம்.

மாவை உருண்டையாக ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, பிறகு கல்லாகிப்போனதைத் தேய்க்கப் போராடுவது வீண் வேலை. பிசைந்த உடனேயே இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்துத் தேய்த்து, தட்டையாகவே குளிரூட்டுங்கள். கனம் 6 மி.மீ. எல்லா இடத்திலும் அதே கனம் வர ஒரு வழி: தச்சரிடம் 6 மி.மீ. தடிமனில் ஓரடி நீள பீடிங் துண்டு இரண்டு வாங்கி, மாவுக்கு இரு பக்கமும் வைத்து, பூரிக்கட்டை அவற்றின் மேல் உருளும்படி தேய்ப்பது. கட்டை துண்டில் தட்டியதும் அதற்குமேல் இறங்காது. கனம் மாறினால் மெல்லிய பக்கம் கருகும்போது தடித்த பக்கம் வேகாமல் நிற்கும். பேப்பர் சுருங்கினால் மாவிலும் கோடு விழும். இடையிடையே உரித்து மறுபடி போர்த்துங்கள்.

ஃபிரிட்ஜில் 45 நிமிடம். வெளியே எடுத்ததும் எவர்சில்வர் ஸ்கேல் வைத்து 6 செ.மீ. சதுரங்களாக வெட்டுங்கள். கத்தியை மேலிருந்து கீழே அழுத்த வேண்டும், இழுக்கக் கூடாது. இழுத்தால் சதுரம் சாய்சதுரமாகும். அடிக்கடி செய்பவர்கள் தகரப் பட்டறையில் ஒரு சதுர அச்சு செய்து வாங்கிக்கொள்ளலாம், விளிம்பை மடித்துக் கொடுக்கச் சொல்ல மறக்க வேண்டாம். மிஞ்சிய விளிம்பு மாவை ஒருமுறை சேர்த்துத் தேய்க்கலாம். மூன்றாம் முறை தேய்த்தால் சுடும்போது சுருங்கும். அதைச் சின்ன வட்டங்களாக்கி, வரையப் பழகுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டிய துண்டுகளைத் தட்டோடு ஃபிரீசரில் 15 நிமிடம் வைத்து, விறைத்த நிலையில் நேராக அடுப்புக்கு. வெண்ணெய் உருகுவதற்குள் மாவின் ஓரம் இறுகிவிட வேண்டும் என்பதுதான் இதில் உள்ள சூட்சுமம். இந்த 15 நிமிடத்தை விழுங்கிவிட்டால் மற்ற எல்லாம் சரியாகச் செய்தும் ஓரம் உருகும்.

சுடுவது

ஓ.டி.ஜி. என்னும் மின்சார அடுப்புப் பெட்டியில் மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரிய, 170 டிகிரியில் 15 நிமிடம் முன்சூடு. நடுத்தட்டு. 12 முதல் 14 நிமிடம். ஏழாவது நிமிடம் தட்டை முன்பின்னாகத் திருப்புங்கள், எல்லா ஓ.டி.ஜி.க்கும் ஒரு மூலை அதிகம் சுடும். மேல்பக்கம் வெளிறியே இருக்கும், அதைப் பார்த்து இன்னும் வேகவில்லை என்று விட்டுவிடாதீர்கள். தோசைத் திருப்பியால் ஒன்றைத் தூக்கிப் பார்த்தால் அடி ஓரம் மட்டும் இளம்பொன்னாக இருக்க வேண்டும்.

குமிழில் எழுதியிருக்கும் டிகிரியும் உள்ளே இருக்கும் சூடும் பல சமயம் வேறு வேறு. அடுப்புத் தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் சர்க்கரையை வைத்துச் சோதிக்கலாம். சர்க்கரை உருகுவது சுமார் 186 டிகிரியில். ஒரு தேக்கரண்டி சர்க்கரையை அலுமினியத் தாளில் பரப்பி, குமிழை 175ல் வைத்து 15 நிமிடம் விடுங்கள்; உருகினால் உங்கள் அடுப்பு சொல்வதைவிட அதிகம் சுடுகிறது. 195க்கு ஏற்றியும் உருகவில்லை என்றால் குறைவாகச் சுடுகிறது. எவ்வளவு வித்தியாசமோ அதை ஒரு சீட்டில் எழுதி அடுப்பிலேயே ஒட்டிவிடுங்கள். நடுவில் கரண்ட் போனால் கதவைத் திறக்க வேண்டாம், ஐந்து நிமிடம் வரை உள்சூடு தாங்கும்.

தட்டு வெளியே வந்த இரண்டு நிமிடத்துக்குள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. குக்கீஸ் அப்போது மிருதுவாகவே இருக்கும். அதே சதுர அச்சாலோ கத்தியாலோ ஓரத்தை மறுபடி ஒருமுறை வெட்டிவிட்டால் கொஞ்சம் பரவியதும் சரியாகும், நாலும் பொருந்தி உட்காரும். மேல் வீங்கியிருந்தால் அடி தட்டையான கிண்ணத்தால் மெல்ல அமுக்குங்கள். பிறகு தட்டிலேயே 5 நிமிடம், கம்பி வலையில் குறைந்தது 2 மணி நேரம். வெதுவெதுப்பாக இருக்கும்போது ஐசிங் ஊற்றினால் வெண்ணெய் மேலேறி எண்ணெய்த் திட்டாகத் தெரியும். அடுத்த தட்டுக்குச் சூடான தட்டையே பயன்படுத்தாதீர்கள்.

ஓ.டி.ஜி. இல்லாவிட்டால் அடிகனமான பாத்திரத்தில் உப்புப் பரப்பி, ஸ்டாண்டு வைத்து, மூடி 10 நிமிடம் சூடேற்றி, சிறு தீயில் 18 நிமிடம் போல. ஒரு தடவைக்கு ஐந்தாறுதான் வேகும். தின்பதற்கு நன்றாக இருக்கும், பூக்கல்லுக்குத் தேவையான கூர்மை வராது.

ஐசிங்

இதற்கு முட்டை வெள்ளைக்கரு வழக்கம். அதற்கு மாற்று உங்கள் அடுப்படியில் சுண்டலுக்கு வேகிறது. வெள்ளைக் கொண்டைக்கடலை வெந்த தண்ணீரில் புரதமும் மாவுச்சத்தும் இறங்கியிருக்கும். அடித்தால் வெள்ளைக்கரு போலவே நுரைக்கும், காய்ந்தால் கட்டியாகும். 100 கிராம் கடலையை இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் 400 மி.லி. விட்டு, உப்பும் சோடாவும் இல்லாமல் குக்கரில் வேகவையுங்கள். அப்படியே ஆறட்டும். வடித்த நீரைச் சிறு தீயில் கொதிக்கவைத்து 100, 120 மி.லி.க்குச் சுண்டவிடுங்கள். ஆறியதும் விரலில் வெள்ளைக்கரு மாதிரி வழுவழுக்க வேண்டும். தண்ணீராக ஓடினால் இன்னும் சுண்ட வேண்டும். ஃபிரிட்ஜில் இரண்டு நாள் இருக்கும். கறுப்புக் கொண்டைக்கடலை வேண்டாம், நீர் பழுப்பாகி வெள்ளை நிறத்தைக் கெடுக்கும்.

இந்த நீர் 45 மி.லி., அதாவது மூன்று மேசைக்கரண்டி. நுரை வரும்வரை ஒரு நிமிடம் அடித்து, எலுமிச்சைச் சாறு அரைத் தேக்கரண்டி, எசென்ஸ் சில சொட்டு விட்டு, 300 கிராம் ஐசிங் சுகரை மூன்று தவணையாகப் போட்டு, குறைந்த வேகத்தில் 4, 5 நிமிடம். கரண்டியைத் தூக்கினால் முனை நிமிர்ந்து நின்று லேசாக வளைய வேண்டும். வேகத்தைக் கூட்டினால் சீக்கிரம் கெட்டியாகும், ஆனால் காற்றுக்குமிழியும் சேர்ந்து வரும். கடலை வாசனை காய்ந்ததும் போய்விடும். பாத்திரத்தில் எண்ணெய்ப் பசை இருந்தால் நுரை எழும்பவே எழும்பாது. பிளாஸ்டிக் கிண்ணத்தைத் தவிர்த்து, எவர்சில்வர் பாத்திரத்தை எலுமிச்சை மூடியால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

மிக்ஸியில் அரைத்த சர்க்கரை மாவுக்குச் சரி, ஐசிங்குக்குச் சரிவராது. கண்ணுக்குத் தெரியாத ஒரு குருணை, ஐசிங்கைப் பிழியும் கோனின் வாயை அடைத்துவிடும். நீங்கள் அழுத்துவீர்கள், பின்பக்கம் பிரியும்.

முட்டை சேர்ப்பவர்கள் மெரிங் பவுடர் (உலர்த்திய வெள்ளைக்கருப் பொடி) 20 கிராம், வெந்நீர் 50 மி.லி., ஐசிங் சுகர் 300 கிராம் என்று எடுக்கலாம். பச்சை வெள்ளைக்கருவைக் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வயதானவர்களும் சாப்பிடும் பண்டத்தில் சேர்க்காதிருப்பது நல்லது. பாலும் லிக்விட் குளுக்கோஸும் கலந்து செய்யும் ஐசிங் பளபளப்பாக வரும், ஆனால் குளுக்கோஸ் ஈரத்தை விடாது. மழைக்காலத்தில் விரல் வைத்தால் ரேகை பதியும், அடுக்க முடியாது. அன்றே தின்று தீர்ப்பதற்கு மட்டும்.

பதம்தான் எல்லாம்

ஆத்தங்குடியில் கல் செய்வதைப் பார்த்திருப்பவர்களுக்கு இந்தப் பகுதி எளிது. கண்ணாடிப் பலகை மேல் உலோக அச்சு வைத்து, அறை அறையாகச் சாயச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சைத் தூக்குவார்கள். அப்போது சிவப்பும் மஞ்சளும் பக்கத்தில் பக்கத்தில் ஈரமாகவே நிற்கும், ஆனால் கலக்காது. எல்லாக் குழம்பும் ஒரே பதத்தில் இருப்பதுதான் அதற்குக் காரணம். ஒன்று நீர்த்திருந்தால் மற்றதற்குள் பாய்ந்துவிடும். ஐசிங்கும் அப்படியே.

வேண்டியது இரண்டு பதம். கோடு போடுவதற்குப் பற்பசை போல. அடித்த ஐசிங்கே கிட்டத்தட்ட அந்தப் பதம்தான், ஒரு நிறத்துக்கு ஐந்தாறு சொட்டுத் தண்ணீர் போதும். அறையை நிரப்புவதற்குத் தேன் போல. கிண்ணத்தில் கத்தியால் ஒரு கோடு கீறி எண்ணுங்கள். 15 எண்ணுவதற்குள் கோடு மறைந்து சமமானால் நிரப்பும் பதம். 10க்குள் மறைந்தால் ஓடும்: வழியும், காய இரண்டு மடங்கு நேரமாகும். ஐசிங் சுகர் ஒரு கரண்டி சேர்த்துத் திருத்துங்கள். தண்ணீரைக் கரண்டியால் ஊற்றாதீர்கள், மருந்துப் புட்டி ஃபில்லரால் ஐந்து ஐந்து சொட்டாக. இதமாகக் கிளறி, ஈரத்துணியால் மூடி 20 நிமிடம் வையுங்கள், குமிழிகள் மேலே வந்து உடையும். மூடாமல் விட்டால் சில நிமிடத்திலேயே மேலே ஆடை கட்டும். அந்த ஆடை உடைந்து கலந்தால் மறுபடி குருணைதான்.

300 கிராம் சர்க்கரையில் செய்தது 24 குக்கீஸுக்குச் சரியாக இருக்கும். பாதியை வெள்ளையாகவே வையுங்கள். மீதியில் பெரும் பங்கு காவிச்சிவப்பு, பிறகு கடுகு மஞ்சள், கரும்பச்சை, இரண்டு தேக்கரண்டி மட்டும் கறுப்பு. ஜெல் நிறம்தான் வாங்க வேண்டும், நீர்நிறம் பதத்தைக் கெடுக்கும். டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டில்லாமல் பொட்டலமாகக் கட்டித் தரும் பொடி வேண்டாம். கடையில் கிடைக்கும் சிவப்பு ரோஸ் சாயலில் இருக்கும். ஊசிமுனை அளவு பழுப்பு சேர்த்தால் கல்லின் காவி வரும். மஞ்சளிலும் துளி பழுப்பு, பச்சையில் துளி கறுப்பு. கறுப்புக்கு முதலில் அரைத் தேக்கரண்டி கோகோ கலந்துவிட்டால் ஜெல் குறைவாகப் பிடிக்கும். அடர்நிறங்களை வரைவதற்கு முந்தைய இரவே கலந்து, காற்றுப் புகாமல் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒரு இரவில் ஒரு படி கருக்கும். உடனே அடர்த்தி வேண்டும் என்று ஜெல்லை மேலும் மேலும் விட்டால் கசக்கும், காயவும் மறுக்கும், தின்றவர் நாக்கும் சாயமாகும்.

வரைவது

கோன் முனையில் மாட்டும் உலோக நாசில் வேண்டாம். மருதாணிக் கோன் சுற்றத் தெரிந்த கை போதும். உணவுக்கு உகந்த செலஃபன் தாளில் கோன் சுற்றி, பாதிக்குமேல் நிரப்பாமல் பின்பக்கம் மடித்து ஒட்டுங்கள். நுனியை நேராக வெட்ட வேண்டும், சாய்த்து வெட்டினால் கோடு ஒரு பக்கம் சுருளும். கோட்டுக்கு 1 மி.மீ. ஓட்டை, நிரப்ப 2 மி.மீ.

கோலப்பொடியை யாரும் தரையில் தேய்ப்பதில்லை, விரலிடுக்கிலிருந்து விழவிடுகிறோம். ஐசிங் கோடும் அதே கைப்பழக்கம். நுனியைக் குக்கீஸில் தொட்டு ஒட்டவைத்து, ஒரு செ.மீ. உயரத்துக்குத் தூக்கி, நூல் போலத் தொங்கவிட்டு, போக வேண்டிய இடத்துக்குக் கையை நகர்த்தி, முடிவில் கீழே இறக்கித் தொட்டு நிறுத்துங்கள். தரையோடு உரசி இழுத்தால் கோடு நடுங்கும். நூல் அறுந்தால் கை வேகம் அதிகம், சுருண்டால் அழுத்தம் அதிகம்.

ஒரு அட்டையை 6 செ.மீ. சதுரமாக வெட்டி, நான்கு மூலையிலும் 2.2 செ.மீ. ஆரத்தில் கால் வட்டம் வெட்டி எடுத்துவிடுங்கள். அதைக் குக்கீஸ் மேல் வைத்துப் பல்குச்சியால் வளைவைக் கீறினால் எல்லாத் துண்டிலும் ஒரே இடத்தில் வரும். அப்போதுதான் அடுக்கும்போது வட்டம் கூடும். விளிம்பிலிருந்து 2 மி.மீ. உள்தள்ளி, மூலைகளில் காவி, நடுப்பகுதியில் வெள்ளை என்று அந்தந்த நிறத்திலேயே சுற்றுக்கோடு. கீறிய வளைவில் காவிக் கோடு. அடுக்கும்போது இடையில் தெரியும் பழுப்பு விளிம்பு, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள சிமெண்டுக் கோடு மாதிரியே இருக்கும்.

இருபது நிமிடம் கழித்து மூலைகளில் காவியை நிரப்புங்கள். ஓரம் வரை ஊற்றாமல், நடுவில் விட்டு ஊசியால் ஓரத்துக்குத் தள்ளுவது நல்லது. குமிழி தெரிந்தால் உடனே ஊசியால் குத்துங்கள், ஆடை கட்டிய பிறகு குத்தினால் குழி நிற்கும். 24 துண்டிலும் காவியை முடித்துவிட்டு மேசை மின்விசிறிக்கு முன்னால் வையுங்கள். இங்கேதான் அவசரம் எல்லோரையும் கவிழ்க்கிறது. காவியின் பளபளப்பு போய் மேல்பக்கம் மங்கலாகும்வரை, வெயில் நாளில் 2 மணி நேரம், மழை நாளில் 5, 6 மணி நேரம், வெள்ளையைத் தொடாதீர்கள். ஈரச் சிவப்பின் பக்கத்தில் வெள்ளையை ஊற்றினால் காலையில் எழுந்து பார்க்கும்போது வெள்ளையின் ஓரம் முழுக்க ரோஸ் நிறமாக ஊறியிருக்கும். அதைத் திருத்த வழி கிடையாது.

பிறகு நடுவில் வெள்ளை. அதுவும் ஒரு இரவு காய வேண்டும். காய்ந்த வெள்ளை மேல் கரும்பச்சையில் நாலு இதழ், நடுவில் கடுகு மஞ்சள் பொட்டு, காவி வளைவின் மேல் மெல்லிய கறுப்புக் கோடு. இதழ் மேடாகத் தெரிய வேண்டாம், கல்லைப் போல ஒரே மட்டமாக வேண்டும் என்பவர்கள், வெள்ளை ஈரமாக இருக்கும்போதே பச்சையை நாலு பொட்டாக விட்டு, ஊசியால் வெளியிலிருந்து உள்ளே இழுத்தால் இதழாகும். இரண்டும் ஒரே 15 எண்ணிக்கைப் பதமாக இருக்க வேண்டும், ஒவ்வொரு துண்டாக முடிக்க வேண்டும். மழை நாளில் இதை முயலாதீர்கள்.

சின்ன இதழ், பொட்டு இவற்றில் காயும்போது நடுவில் பள்ளம் விழுவது பரவலான கோளாறு. சிறிய இடத்தில் நீர்த்த ஐசிங் விட்டால் மேலே ஆடை கட்டுவதற்குள் உள்ளே அமிழ்ந்துவிடும். அந்த இடங்களுக்கு 20, 25 எண்ணும் கெட்டிப் பதம், அடியில் கெட்டி ஐசிங்கால் ஒரு நெளிகோடு, ஊற்றிய உடனே மின்விசிறி. ஓ.டி.ஜி.யை 100 டிகிரியில் மூன்று நிமிடம் சூடாக்கி அணைத்து, கதவைச் சாத்தாமல், உள்ளே கை வைத்துப் பொறுக்கிற சூடு வந்ததும் தட்டை 15 நிமிடம் வைத்தாலும் ஆடை சீக்கிரம் கட்டும், பளபளப்பும் நிற்கும். சூடு கூடினால் வெண்ணெய் மேலேறிவிடும். ஏ.சி. அறை இருந்தால் அதன் ட்ரை மோடு இதையெல்லாம்விட நல்லது.

இரவு காயவைக்கும் மேசையின் நாலு காலும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கட்டும். மேசை சுவரைத் தொடக் கூடாது, தொங்கும் மேசைவிரிப்பும் கூடாது. எறும்புக்கு அதுவே பாலம்.

எடுத்து வைப்பது

மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருப்பதை நம்பாதீர்கள். மழை நாளில் கடைசிக் கோடு போட்டதிலிருந்து 24 மணி நேரம். ஓரத்தில் நகத்தால் அழுத்தினால் தடம் விழக் கூடாது. பிறகு எவர்சில்வர் சம்படத்தில் பட்டர் பேப்பர் விரித்து, அடுக்குக்கு அடுக்கு பேப்பர் போட்டு, மூன்று அடுக்குக்கு மேல் போகாமல் வையுங்கள். 10 நாள் மொறுமொறுப்பாக இருக்கும். ஐசிங் போடாத வெறும் குக்கீஸ் மூன்று வாரம் தாங்கும், தேய்த்த மாவு ஃபிரீசரில் ஒரு மாதம். ஆகவே தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே சுட்டு வைத்து, மழை விடுகிற இரண்டு நாள் பார்த்து வரைவதுதான் புத்திசாலித்தனம். வரைந்ததை ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் மேலே நீர் பூக்கும், இரண்டு நாள் உழைப்பு அந்த நீரோடு வழியும்.

கொட்டான் கூடையில் வைத்துக் கொடுத்தால் அழகு. ஆனால் பனையோலை காற்றை விடும். ஒவ்வொன்றையும் தனித்தனிக் கவரில் போட்டு ஒட்டிய பிறகே கொட்டானுக்குள். பிள்ளையார் நோன்பன்று இழை எடுக்க, அதாவது நூல் திரியை மாவில் வைத்து ஏற்றிச் சுடரோடு விழுங்க, அரிசிமாவும் வெல்லமும்தான், அதற்கு மாற்றில்லை. இந்தத் தட்டு அதற்கப்புறம் வருகிற பிள்ளைகளுக்கு.

வழியில் ஒன்றிரண்டு உடையும். உடைந்த இரண்டு பாதியையும் பற்பசைப் பதத்து வெள்ளை ஐசிங்கால் ஒட்டி, பின்பக்கத்தில் ஒரு பட்டை தடவி, படுக்கவைத்து இரவு காயவிட்டால் பிடித்துக்கொள்ளும். விரிசல் தெரியும் இடத்தில் ஒரு கறுப்புக் கோடு போட்டுவிடுங்கள்.